ஒன்பதாவது எடை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அம்மா. எனக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். இந்தப் பையை மட்டும் காலடியில் வைத்துக்கொள்கிறேன். எடை பார்க்கும் மெஷின். என்னுடையது இல்லை, ஆபீஸ் மெஷின். தெரியாமல் கால் பட்டால் பரவாயில்லை, ஒன்றும் ஆகாது.

தண்ணீரா? வேண்டாம் அம்மா. பஸ்ஸில் போகும்போது நான் தண்ணீர் குடிப்பதில்லை. மதுரை வரைக்கும் எங்கேயும் நிற்காது என்று கண்டக்டர் ஏறும்போதே சொல்லிவிட்டார் இல்லையா? உங்களுக்குப் புரியும்.

தூத்துக்குடி எனக்கு ஊர் இல்லை. ஊர் நத்தம் பக்கம். வேலை மதுரையில். இங்கே வேலையாக ஆறு வாரம் இருந்தேன். இன்று காலையில் ஒரே ஒரு விஷயம் கேட்பதற்காக வந்துவிட்டுத் திரும்பிப் போகிறேன். முகம் வாடியிருக்கிறதா? இல்லை அம்மா, என் முகமே அப்படித்தான். அதில் ஒன்றும் தெரியாது. எங்கள் சபாபதி சார் வேலைக்கு எடுக்கும்போதே சொன்னார்: "உன் முகத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதும்மா. அளக்குற ஆளுக்கு அதுதான் வேணும்." என்னைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது அது. அதனால் ஞாபகம் இருக்கிறது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூடப் புத்தகத்தை எடுத்துவிடுவேன். இன்று என்னவோ... ஒருத்தர் என் ஆறு வாரத்தையும் கெடுத்துவிட்டார் அம்மா. அதுதான் மனதில் கிடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் படித்தது புள்ளியியல். எம்.எஸ்ஸி. அப்பாவுக்கு அது என்ன படிப்பு என்று இன்றுவரை தெரியாது. கேட்பவர்களிடம் "கணக்கு மாதிரி ஒண்ணு" என்று சொல்வார். படித்து முடித்து, தொழிலாளர்களின் உடல்நிலையைப் பற்றி ஆய்வு செய்கிற ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். சபாபதி சார், நான், ஒரு பழைய கம்ப்யூட்டர். அவ்வளவுதான் ஆபீஸ்.

உப்பளம் பார்த்திருக்கிறீர்களா? ஊருக்கு வெளியே போனால் கண்ணுக்கு எட்டுகிற தூரம் பாத்தி பாத்தியாகக் கிடக்கும். பெண்கள் வெயிலில் நின்று உப்பை வாரி, கூடையில் சுமந்து, மேட்டில் கொட்டிக் குவிப்பார்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. உப்பு மண்ணில் மரம் எங்கே வரும்? காலை ஆறு மணிக்கு இறங்கினால் மதியம் ஒன்றரைக்குத்தான் ஏறுவார்கள். பத்து மணிக் கஞ்சிக்கு மேல் ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஏன் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் புரிந்துவிட்டது. ஒதுங்க ஒரு முள்செடிகூட இல்லை அம்மா. எல்லாம் வெட்டவெளி. குடித்தால் எங்கே போவது?

அந்த உப்பளத்து முதலாளி, அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. சாரிடம் நேராகவே சொன்னார்: "சார், குடிதண்ணித் தொட்டி, கொட்டகை, கக்கூஸ் மூணும் போடணும்னு வருசா வருசம் யாராவது வந்து மனு குடுக்காங்க. வெயில்ல உடம்பு கெடுதுன்னு எல்லாரும் வாயாலதான் சொல்லுதாங்க. நீங்க நம்பர்ல காட்டுங்க. காட்டிட்டா மறுவாரமே கொத்தனார வரச் சொல்லுதேன்."

நம்பரில் காட்ட ஒரு வழி இருக்கிறது. வேலைக்கு இறங்குமுன் ஓர் எடை. ஏறியதும் ஓர் எடை. வியர்த்து, குடிக்காமல், உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். இதில் ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிடக் கூடாது. ஒருத்தி நாற்பது கிலோ இருப்பாள், ஒருத்தி எழுபது. காலையில் இருந்த அவளை மதியம் இருக்கிற அவளோடுதான் ஒப்பிட வேண்டும். ஆளுக்கு ஒரு ஜோடி எண். ஜோடியில் ஒன்று இல்லையென்றால் மற்றதற்கும் மதிப்பில்லை, அடித்துவிட வேண்டும்.

அப்புறம் ஒரு விதி. முதலில் வித்தியாசமே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்றாலும் நிற்காவிட்டாலும் எடை அதேதான் என்று. அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். எண்கள் வந்து அதைத் தள்ள வேண்டும். தள்ளுகிற அளவுக்கு எண்களுக்குப் பலம் இல்லையென்றால் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். வகுப்பில் எல்லோரும் அதைப் படித்துக் குழம்புவார்கள். எனக்கு மட்டும் அது முதல் நாளே புரிந்துவிட்டது. நான் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வது எனக்குப் புதிதா என்ன?

தூத்துக்குடியில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். இரண்டு கட்டில் போட்ட அறை. இன்னொரு கட்டிலுக்கு யாரும் வரவில்லை. முதல் வாரம் அதன்மேல் எதையும் வைக்கவில்லை, திடீரென்று யாராவது வந்துவிட்டால்? இரண்டாம் வாரம் ஈரத் துண்டைப் போட்டேன். நாலாம் வாரம் புத்தகம், பை எல்லாம் அங்கேதான். எதிரே ஒரு ஹோட்டல். இரண்டு இட்லிக்கு ஒரு கரண்டி சட்னி வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் வைப்பார்கள், மற்றவர்கள் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வாரமும் கடைசி அரை இட்லியை வெறுமனேதான் தின்றேன். அது ஒன்றும் கஷ்டமில்லை. பழகிவிடும். கிளம்புகிற அன்று சாவியைக் கொடுத்தால், வார்டன் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எப்பம்மா சேர்ந்தீங்க?" என்கிறார்.

இது எட்டயபுரமா? அதற்குள் வந்துவிட்டதா?

எடை பார்க்க அண்ணாச்சி ஒரே ஒரு நாள்தான் அனுமதி கொடுத்தார். அன்று வேலை சுணங்கும் இல்லையா? மற்ற நாட்களில் நான் கேள்வித்தாளோடு போவேன். வயது என்ன, எத்தனை வருடமாக வேலை, தலைசுற்றல் உண்டா, நீர்க்கடுப்பு உண்டா. அதற்கு மேல் பேசக் கூடாது. அளக்கிறவர் அளக்கப்படுகிறவரைப் பாதிக்கக் கூடாது என்பது சாருடைய முதல் பாடம். "நீ அங்க ஒரு தராசு மாதிரி இருக்கணும். தராசு சிரிக்குமா? பேசுமா?" நான் அப்படியேதான் இருந்தேன். அந்தப் பெண்கள் எனக்குப் பேரே தராசு என்று வைத்துவிட்டார்கள். சந்தனமாரி என்று ஒரு பெண், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, என்னைக் கண்டதும் பாத்தியில் இருந்தே கத்துவாள்: "ஏளா தராசு! எங்கள எட போட்டு எந்தக் கறிக்கடைக்கு விக்கப் போற? என்னய மட்டும் தனியா நிறுத்து, எலும்புதான் கெடக்கும்!" எல்லோரும் சிரிப்பார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பேன்.

ஞானப்பூ அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் பழைய சாக்ஸ். உப்புத் தண்ணீர் காலை அரிக்காமல் இருக்க அப்படிப் போடுவார்கள். பெயர் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நித்தியகல்யாணி என்றேன். "அவ்வளவும் ஒனக்கேவா?" என்றாள்.

தொந்தரவுதான் அம்மா, வேறென்ன சொல்ல? பத்து மணிக்குக் கரையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது தூக்குவாளி மூடியில் எனக்கும் ஊற்றி வைத்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். "காலைல என்ன தின்ன?" "இட்லி." "எத்தன?" "ரெண்டு." "ஒரு பச்சப்பிள்ள திங்கும் ரெண்டு இட்லி!" இன்றைக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது, ஊரிலிருந்து ஃபோன் வந்ததா, அம்மாவோடு சண்டையா, எல்லாம் கேட்பாள். கேள்வித்தாள் என் கையில் இருக்கிறது, கேள்வி முழுக்க அவள் கேட்கிறாள். பாருங்கள், இந்த மாதிரி ஆட்களால்தான் அளவுகள் கெடும். நான் பதில் சொல்வேன், அது மரியாதைக்கு. அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை.

ஒரு நாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அன்று பத்து மணிக்கு நான் கரையில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். சும்மா, கால் வலிக்கு உட்கார்ந்தது.

எடை பார்த்த நாளைச் சொல்கிறேன். மே மாதம், இருபதாம் தேதி. விடிந்ததும் மண் தரையில் பலகை போட்டு, ஆட்டமில்லாமல் பார்த்து, அதன்மேல் இந்த மெஷினை வைத்தேன். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க முதலில் நானே ஏறினேன். நாற்பத்தாறு புள்ளி இரண்டு. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். பிறகு பதினைந்து பேர், ஒருவர் பின் ஒருவராக. எல்லோரும் சாக்ஸைக் கழற்ற வேண்டும், துண்டை எடுக்க வேண்டும், தூக்குவாளியைக் கீழே வைக்க வேண்டும். மடியில் ஏதாவது முடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சார் எழுதிக் கொடுத்த தாளில் அது ஐந்தாவது வரி. வெற்றிலை, சில்லறை, சாவி என்று பெண்கள் மடியில் என்னவாவது வைத்திருப்பார்கள் இல்லையா? அதை நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? என் அம்மா வயதுப் பெண்களைப் பார்த்து, மடியை அவிழ்த்துக் காட்டுங்கள் என்று... வாய் வரவில்லை அம்மா. மற்ற நாலு வரியையும் ஒழுங்காகச் செய்தேன்.

மதியம் ஒன்றரைக்கு அவர்கள் ஏறி வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. அதற்குள் லோடு வண்டி வந்துவிட்டது. ஆறு பேர் அதில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விட்டால் நாலு மைல் நடக்க வேண்டும், நான் எப்படி நிறுத்துவது? அந்த ஆறு பேரின் காலை எடையையும் கோடு போட்டு அடித்தேன். மிச்சம் ஒன்பது. முதல் ஆள் அறுநூறு கிராம் குறைவு. அடுத்தவள் தொள்ளாயிரம். நானூறு. ஒரு கிலோ நூறு. நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லி எழுதினேன். சந்தனமாரி இறங்கும்போது, "பாத்தியா, நான் சொல்லல? இன்னும் ரெண்டு நா நிறுத்துனா நான் காத்துல போயிருவேன்" என்றாள். எட்டு பேருக்கும் குறைந்திருந்தது. சராசரியாக முக்கால் கிலோ. எனக்கு அது சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லையா? நினைத்த மாதிரி எண்கள் வந்துகொண்டிருக்கின்றன. தொட்டி வந்துவிடும். ஆனால் எனக்குத் தலை சுற்றியது. நானும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நான் மட்டும் எங்கே ஒதுங்குவது?

ஞானப்பூ அக்கா கடைசியாக வந்தாள். வரிசையில் அவள் ஏழாவதாக நின்றாள், நான் பார்த்தேன். அப்புறம் காணோம். உப்பு மேட்டுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தாள். நடை ஒரு மாதிரி இருந்தது. ஏறி நின்றாள். காலையில் ஐம்பத்து நாலு புள்ளி மூன்று. இப்போது ஐம்பத்தாறு புள்ளி எட்டு.

இரண்டரைக் கிலோ கூடுதல்! ஏழு மணி நேரம் வெயிலில் உப்பு வாரியவளுக்கு.

மெஷினைப் பார்த்தேன். அவள் இடுப்பைப் பார்த்தேன். சட்டை அங்கே புடைத்திருந்தது. எனக்குத் தெரிந்தது அம்மா. கேட்டிருக்க வேண்டும். "அக்கா, மடியில் என்ன?" மூன்றே வார்த்தை. கேட்கவில்லை. அவள் குனிந்து என் முகத்தையே பார்த்தாள்.

"கூடியிருக்கா பிள்ள?"

"கூடியிருக்கு அக்கா."

"நல்லதா?"

"நல்லது அக்கா" என்றேன். சிரித்தேன்கூட. கூச்சத்தில் எனக்கு அப்படித்தான் சிரிப்பு வந்துவிடும்.

அவளுக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! இறங்கி, என் தோளைப் பிடித்து, "இப்ப நீ ஏறு" என்று மெஷினில் ஏற்றினாள். நாற்பத்தைந்து புள்ளி ஒன்று. அவளுக்கு எண்கள் தெரியும், படித்துவிட்டாள். "காலைல ஆறுன்னுல்லா போட்டிருக்க? ஏ பிள்ள, ஒரு சொட்டு தண்ணி குடிக்கலியா நீ?" என்று தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். எட்டு பேர் மட்டும் என்றால் ஐயத்துக்கே இடமில்லை. ஒன்பதாவதைச் சேர்த்தால் சராசரி நானூறு கிராமுக்கு இறங்கிவிட்டது. அது பரவாயில்லை. ஆளுக்கு ஆள் இருக்கிற சிதறல் நாலரை மடங்கு ஏறிவிட்டது. அதுதான் கொன்றது. வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாகவே இப்படி வர நூற்றில் முப்பத்திரண்டு வாய்ப்பு என்று வந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் நாங்கள் ஒத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஆள், அம்மா. என்னையும் பத்தாவது ஆளாகச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். நானும் ஒரு கிலோ நூறு குறைந்திருந்தேன் இல்லையா? சேர்க்கக் கூடாதுதான், சும்மா பார்த்தேன். இருபத்தொன்றுக்கு வந்தது. நான் சேர்ந்தும் போதவில்லை.

சார் தாளைப் பார்த்துவிட்டு, "ஒன்பதாவது ஏன் இப்படி? கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "காரணம் இல்லாம ஒரு நம்பரை நீக்கினா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா. வந்தது வந்தபடி போகட்டும்." அப்படியே அண்ணாச்சிக்குப் போனது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. அண்ணாச்சி ஃபோன் செய்தார்: "பாத்தீங்களா சார், உங்க கம்ப்யூட்டரே சொல்லிட்டு. அப்புறம் தொட்டி எதுக்கு?"

அதனால்தான் சார் என்னை இன்று அனுப்பினார். காரணத்தைக் கேட்டு எழுதி வந்தால், அந்த எண்ணை நீக்கித் திருத்தி அனுப்பலாம். அப்படித் திருத்தி அனுப்ப நாளை மறுநாள்தான் கடைசி நாள். மெஷினும் அங்கேயே கிடந்தது, எடுத்து வரச் சொன்னார்.

போய்க் கரையில் நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். ஞானப்பூ அக்கா கஞ்சியை மூடியில் ஊற்றி வைத்துவிட்டாள், நான் வருவேன் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி. நான் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் சொன்னாள். "என்னத்தயோ கேக்க வந்துட்டு முழுங்கிட்டு நிக்க. அந்த எடையத்தான?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தோல் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. உப்பைத் துணியில் கொட்டி, வரிந்து இடுப்பில் கட்டியிருக்கிறாள். மூன்று கிலோவுக்குக் குறையாது. வியர்வையில் உப்பு உடம்போடு உரசினால் என்ன ஆகும்? ஒரு வாரம் சேலை கட்ட முடியவில்லையாம்.

"நீதான எழுதிக்கிட்டே வந்த? ஒவ்வொருத்திக்கும் எட கொறையக் கொறைய ஒன் மொகம் விழுந்துக்கிட்டே வந்துச்சு. ஆறாவது ஆளு வரும்போது அழுதுருவன்னு நெனச்சேன். கொறஞ்சா ஒனக்கு ஆபீஸ்ல ஏச்சு கெடைக்குமோ என்னமோன்னு பட்டுச்சு. ஒருத்திக்காவது கூடுனா பிள்ள சிரிக்குமேன்னு பாத்தேன்." அப்புறம் என்னைப் பார்த்து, "சிரிச்சல்லா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை அம்மா. என் முகத்தில்தான் ஒன்றும் தெரியாதே? தண்ணீர் குடிக்காமல் தலைசுற்றியது, அவ்வளவுதான். யாரோ ஒருத்தி சிரிப்பதற்காக ஒருவர் மூன்று கிலோ உப்பைப் புண்ணாகும்படி இடுப்பில் கட்டுவாரா? இதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

விஷயம் கெட்டுப்போனதைச் சொன்னேன். தொட்டி வராது என்பதையும். கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "அப்ப எழுதிக்கோ. உப்பக் கட்டுனது ஞானப்பூன்னு எழுது. நான் கைநாட்டு இல்ல, கையெழுத்தே போடுதேன்" என்றாள்.

சந்தனமாரி பாய்ந்து வந்துவிட்டாள். "கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? மூட்டைல ஒரு கிலோ கொறஞ்சாலே கங்காணி நம்ம மடியத் தடவிப் பாக்கான். மூணு கிலோ உப்பு மடியில இருந்துச்சுன்னு காயிதத்துல எழுதிக் குடுத்தா? உப்புத் திருடின்னு வெரட்டிருவான். ஒரு உப்பளத்துலயும் எறங்க முடியாது." என் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை கேலி இல்லை. "ஏளா தராசு, எங்களுக்குத் தொட்டி வேணும். ஆனா இவள நிறுத்துக் குடுத்து வேண்டாம்."

இதுதான் அம்மா விஷயம். காரணத்தை எழுதினால் ஞானப்பூ அக்காவுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் பதினைந்து பேருக்குத் தண்ணீர் கிடையாது, கக்கூஸ் கிடையாது. பெயரை மறைக்க முடியாது; ஒன்பதாவது எண் யாருடையது என்று அண்ணாச்சியின் தாளிலேயே இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இன்னொரு வழி போட்டுப் பார்த்தேன். குறிச் சோதனை என்று ஒன்று உண்டு. அதில் எத்தனை கிலோ என்று கேட்பதே இல்லை. குறைந்ததா, கூடியதா என்று ஆளை மட்டும் எண்ணுவோம். ஒன்பது பேரில் எட்டு பேருக்குக் குறைவு. நூற்றில் நாலு என்று வந்தது. ஐந்துக்குக் கீழே! மூன்று கிலோ உப்பு கட்டினாலும் சரி, முப்பது கிலோ கட்டினாலும் சரி, அதில் ஞானப்பூ அக்கா ஒரே ஓர் ஆள்தான். நோட்டில் எழுதி இரண்டு தடவை கோடு போட்டேன். ஆனால் முடிவைப் பார்த்த பிறகு சோதனையை மாற்றக் கூடாது அம்மா. ஆடி முடித்துவிட்டு ஆட்டத்தின் விதியை மாற்றுகிற மாதிரி அது. சார் ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு நிமிடம். சார்தான் கூப்பிடுகிறார்.

சார்... ஆமாம் சார், பஸ்ஸில்தான். அருப்புக்கோட்டை தாண்டிவிட்டது. தெரிந்தது சார். மடியில் சுமை இருந்திருக்கிறது... இல்லை சார், அவர்கள் ஏமாற்றவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததில் ஐந்தாவது வரி, மடியைப் பார்க்கச் சொல்லி... அதை நான் யாரிடமும் கேட்கவில்லை சார். ஒருத்தரிடமும். காலையிலும் இல்லை, மதியமும் இல்லை. ஒன்பதாவது மட்டும் இல்லை சார், ஒன்பது பேருடைய எடையும் சந்தேகம்தான்... ஆமாம். என் தப்பு. என் பெயரையே போட்டு எழுதுங்கள்: அளந்தவர் விதியை முழுதாகப் பின்பற்றவில்லை, ஆகவே அளவுகள் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்... தெரியும் சார். என் வேலையைப் பற்றி நீங்கள் அப்புறம் முடிவு செய்யுங்கள்... அண்ணாச்சி இன்னொரு நாள் தர மாட்டார், தெரியும். யாராவது நேரில் போய்க் கேட்டால்... நான் கேட்கிறேன் சார்... ஆமாம், நான்தான்... இல்லை சார், சளி ஒன்றும் இல்லை. வைக்கிறேன்.

சொல்லிவிட்டேன் அம்மா. கேட்டீர்கள் இல்லையா? நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சட்னி கேட்க வராது எனக்கு. அண்ணாச்சியிடம் போய் இன்னொரு நாள் வேண்டும் என்று... அப்புறம் பதினைந்து பேரிடமும் மடியைக் காட்டச் சொல்லி... வண்டிக்காரனையும் நிற்கச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இது அந்த அக்கா மேல் பாசம் என்று நினைக்கிறீர்களா? அப்படி இல்லை அம்மா. இது அளவை விதி. ஐந்தாவது வரியை விட்டது நான், அதைத்தான் சொன்னேன். அவ்வளவுதான். கண்ணில் தூசி, ஜன்னலைக் கொஞ்சம் மூடுகிறீர்களா?

அந்தத் தண்ணீர் இன்னும் இருக்கிறதா? கொடுங்கள். இல்லை, முழுதும் குடித்துவிடுவேன் போலிருக்கிறது... குடித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, இவ்வளவு நேரம் தெரியவில்லை.

இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமா மதுரைக்கு? முடியாதே அம்மா. காரியாபட்டி பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வரும், அங்கே பெண்களுக்கு இருக்கிறது, வரும்போது பார்த்து வைத்தேன். நீங்கள் கண்டக்டரிடம்... உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்காது இல்லையா?

இல்லை. இருங்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

கண்டக்டர் அண்ணா!

அண்ணா, பெட்ரோல் பங்கில் ஒரு நிமிடம்...

காதில் விழவில்லை போலிருக்கிறது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. எழுந்து நின்றே கேட்கிறேன்.